பெண்ணுக்கு வராத வித்தை

2017-ஆம் வருஷம் அமெரிக்காவில் கூகிள் கம்பெனி எஞ்சினீயர் ஒருவர், தம் சகாக்கள் படிப்பதற்காக நீண்ட கடிதம் ஒன்றை எழுதிச் சுற்றுக்கு விட்டார். கம்ப்யூட்டர் தொழிலில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு அநீதி மட்டும் காரணம் அல்ல, ஆண் பெண் இருபாலாரின் பிறவிச் சுபாவத்தில் உள்ள வித்தியாசமும் ஓரளவு காரணமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏசிக்கொண்டது.

நீக்கியது நியாயமா என்ற வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஒருவரை வாசலுக்கு வெளியே அனுப்புவது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகிவிடாது. அவர் நாசூக்காகச் சொன்னதை நாசூக்கில்லாமல் சொல்லுகிறவர்கள் நம் கல்யாணப் பந்திகளிலும் ரயில் வண்டிகளிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "பெண்களுக்கு மனப்பாடம் வரும் ஸார், மார்க்கு வரும். சொந்த மூளையால் புதிதாக ஒன்றைச் செய்வது இருக்கிறதே, அது வராது" என்பார்கள். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். இவர்களை எந்தக் கம்பெனி நீக்குவது? பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பதில் இல்லாமலும் இல்லை. அந்தக் கடிதம் எழுதப்படுவதற்குப் பதினேழு வருஷம் முந்தியே ஒரு சர்வகலாசாலையின் சேர்க்கைப் பதிவேட்டில் அது ஏறிவிட்டது.

பிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிறது கார்னெகி மெலன் சர்வகலாசாலை. எஃகு வியாபாரத்தில் கோடீசுவரரான ஆண்ட்ரூ கார்னெகி 1900-ல் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிப்பதற்காக ஏற்படுத்திய தொழிற்பள்ளிதான் பின்னால் இப்படி வளர்ந்தது. பெண்களை அவர் மறந்துவிடவில்லை. தம் தாயார் மார்கரெட் மாரிசன் பெயரில் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி வைத்தார். 1906 முதல் 1973 வரை அது நடந்தது. தையல், குடும்ப நிர்வாகம், காரியதரிசி உத்தியோகத்துக்கான பயிற்சி முதலியவை அங்கே பாடம். இல்லத்தை அமைப்பது பெண்ணின் மேலான உரிமைகளில் ஒன்று என்று கட்டிடத்திலேயே பொறித்து வைத்தார்கள். உரிமை என்ற சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தங்கள்!

அதே வளாகத்தில் இன்னொரு கட்டிடத்தின் அடித்தளத்துக்கு 1956-ல் ஐ.பி.எம். 650 என்ற கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. 1965-ல் ஆலன் பெர்லிஸ், ஆலன் நியூவல், ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூன்று மேதைகள் சேர்ந்து கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்குத் தனித் துறை தொடங்கினார்கள். உலகத்தில் இந்தப் படிப்புக்கென்று ஏற்பட்ட ஆதித் துறைகளில் அது ஒன்று.

அந்தத் துறையின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இராப்பகல் பாராமல் வேலை செய்யும் கூட்டம் அது. கோக்கோகோலா விற்கும் யந்திரம் ஒன்று கட்டிடத்தில் இருந்தது. அத்தனை தூரம் நடந்து போய்ப் பார்த்தால் சில சமயம் அது காலியாக இருக்கும். சில சமயம் அப்போதுதான் நிரப்பியிருப்பார்கள், பாட்டில் வெதுவெதுவென்று இருக்கும். 1982 வாக்கில் மாணவர்கள் யந்திரத்துக்குள் கம்பி இழுத்து, எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது எவ்வளவு நேரமாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற ஆராய்ச்சியாளர், வேடிக்கையாக எழுதியதை வினையாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே என்று, முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகம் ஒன்று செய்து காட்டினார். இன்று உங்கள் வீட்டுப் பெண் செல்போனில் அனுப்பும் சிரிப்பு மூஞ்சிகளுக்கெல்லாம் அது மூத்த உறவு.

சோம்பேறித்தனமும் புத்திசாலித்தனமும் கைகோத்து நடக்கும் இடங்களில்தான் உலகத்தின் நல்ல காரியங்கள் பல நடந்திருக்கின்றன. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மூர்த்தி உருவாகிவிட்டது. இரவெல்லாம் விழித்திருப்பவன், குளிக்க மறப்பவன், எட்டு வயதிலேயே யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவன், அவனே அசல் கம்ப்யூட்டர்காரன் என்று. அந்த மூர்த்தியின் ஜாடை யாரிடம் இருக்கிறதோ அவனுக்குக் கர்ப்பக்கிருகம். மற்றவர்களுக்குப் பிராகாரம். 1995-ல் அந்தப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 95 பேர். அவர்களில் பெண்கள் ஏழு பேர்.

சேர்ந்தவர்களும் நிலைக்கவில்லை. ஆண்களைப் போல் இரு மடங்கு விகிதத்தில் பெண்கள் அந்தப் படிப்பை விட்டு விலகினார்கள். துறையின் உதவி முதல்வராக இருந்த ஆலன் ஃபிஷர், ஜேன் மார்கோலிஸ் என்ற சமூக ஆராய்ச்சி அம்மையாருடன் சேர்ந்து, 1995 தொடங்கி நாலு வருஷம், நூற்றுக்கு மேற்பட்ட மாணவ மாணவிகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து விசாரித்தார். பெண்ணின் மூளை எத்தனை அவுன்ஸ் என்று அளக்கவில்லை. "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த முறையே பிடித்துவிட்டது.

வெளிவந்த கதைகளில் மூளை சம்பந்தம் எதுவும் இல்லை. அறை சம்பந்தம் இருந்தது! வீட்டுக்கு வாங்கிய கம்ப்யூட்டரைப் பல வீடுகளில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? பையனுடைய அறையில். அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பெண் பின்னால் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பெண்ணே, நீ தொடாதே" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளாவது சண்டை போட்டிருப்பாள். நம் வீடுகளில் சைக்கிள் பையனுக்கு, பாட்டு வாத்தியார் பெண்ணுக்கு என்று பிரித்து வைத்தோமே, அப்போது யாராவது சட்டம் எழுதினோமா? எழுதாமலேதான் அது நடந்தது. பிறகு பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பெடல் மிதிக்கும் சக்தி அவர்கள் காலுக்குப் பிறவியிலேயே கிடையாது என்று இன்று யாரும் வாதாடுவதில்லை.

அப்படி எட்டிப் பார்த்து வளர்ந்த பெண், கணக்கில் கெட்டிக்காரி, கல்லூரிக்கு வருகிறாள். முதல் நாளே பக்கத்தில் இருக்கிறவன் அவளுக்குத் தெரியாத பத்து வார்த்தைகளைப் பேசுகிறான். அவன் பத்து வருஷமாகப் படித்தவன், தான் பத்து நாளாகப் படிக்கிறவள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்குப் பிறவி ஞானம், தனக்கு இல்லை என்று தோன்றுகிறது. முதலில் தன்னம்பிக்கை போகிறது, பிறகு ஆசை போகிறது. வெளியே நிற்கிறவர்கள், "பார்த்தீர்களா, அவர்களுக்கு ஆசையே இல்லை" என்கிறார்கள்! ஆண்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர், "நாங்கள் அந்த மூர்த்தியைப் போல இல்லை" என்றுதான் சொன்னார்கள். அவர்களைப் பார்த்து மட்டும் யாரும் பிறவிச் சுபாவம் பேசவில்லை.

அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் பள்ளியின் தலைவராக இருந்தவர் யார்? ராஜ் ரெட்டி. 1937-ல் ஆந்திரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1958-ல் நம் சென்னைக் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் பட்டம் பெற்றவர், அதுவும் சிவில் எஞ்சினீயரிங்கில். எட்டு வயதில் அவர் எந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்தார்? அவருடைய எட்டாவது வயதில் இந்தியாவில் பிரிப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அல்லவா! அப்படிப்பட்டவருக்கு 1994-ல் கம்ப்யூட்டர் உலகத்தின் தலையாய விருதான டூரிங் பரிசு கிடைத்தது. பழகிய கைதான் பிறவிக் கை என்று பேசுகிறவர்கள் இந்தக் கிண்டி மாணவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? அவர் சேர்க்கைக்காரர்களுக்குச் சொன்னது, நாளைக்கு இந்தத் துறையை நடத்திச் செல்லக்கூடியவர்களைத் தேடுங்கள் என்பதுதான்.

துறையும் தன் கணக்கைப் பார்த்தது. முன்பே புரோகிராம் எழுதப் பழகியவர்கள்தான் கடைசியில் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது மெய்ப்படவில்லை. எனவே சேர்க்கையில் அந்தப் பழக்கத்துக்குக் கொடுத்து வந்த தனி மதிப்பை எடுத்துவிட்டார்கள். முதல் வருஷப் பாடத்துக்குப் பல வாசல்கள் வைத்தார்கள். தெரிந்தவன் ஒரு வாசலில், தெரியாதவர் வேறு வாசலில் நுழைந்து, பிறகு ஒரே கூடத்தில் வந்து சேரலாம். கோடை விடுமுறைகளில் உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்களை வரவழைத்து, வகுப்பில் பெண் பிள்ளைகளை எப்படி ஈர்ப்பது என்று பேசினார்கள். 1999-ல் லெனோர் பிளம் என்ற கணித அம்மையார் வந்து சேர்ந்தார். மாணவிகளுக்கு ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் அமைப்பு ஏற்பட்டது. ஆண் மாணவனுக்கு அதெல்லாம் கேட்காமலே கிடைத்து வந்தது. யாரிடம் எந்தப் பேராசிரியர் நல்லவர் என்பதை அவன் இரவுச் சாப்பாட்டிலேயே கேட்டுக்கொள்வான்.

2000-ஆம் வருஷம் சேர்ந்தவர்கள் 130 பேர். பெண்கள் 54 பேர். ஐந்து வருஷத்தில் ஏழு சதவிகிதம் நாற்பத்திரண்டு சதவிகிதமாயிற்று.

"தரத்தைக் குறைத்திருப்பார்கள்" என்று உடனே ஒரு குரல் வரும். குறைக்கவில்லை. நுழைவுத் தேர்வு மார்க்கிலும் கைவைக்கவில்லை, பாடத்திலும் தண்ணீர் கலக்கவில்லை. பெண்களுக்கென்று ரோஜா நிறத்தில் ஓர் இளகிய படிப்பு வைப்பது என்ற யோசனை உலகத்தில் பலருக்கு உண்டு. அது உபகாரம் என்ற பெயரில் செய்யும் அவமானம். பிட்ஸ்பர்க்கில் அதைச் செய்யவில்லை. நடுவில் சில வருஷங்கள் எண்ணிக்கை இறங்கவும் இறங்கியது, மறைப்பானேன்? ஆனால் 2016-ல் சேர்ந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 48 பேர்.

பிறவிச் சுபாவக் கட்சியார் இன்னொரு கணக்கையும் சொல்லட்டும். 1945-46-ல் அதே பென்சில்வேனியா மாகாணத்தில், பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியா சர்வகலாசாலையில், எனியாக் என்ற பூதாகாரமான யந்திரத்துக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். பயிற்சிப் புத்தகம்கூட இல்லாமல், வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டவர்கள். 1984 வாக்கில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 37 பேர் பெண்கள். 2010 வாக்கில் அது 18 ஆகிவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்குள் பெண் பிறவி பாதியாக மாறிவிட்டதா? 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலாயா சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் பகுதியில் மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தலைமைப் பதவிகளிலும் பெண்களே இருந்தார்கள். அங்கே இது வெயிலில் அலையாமல் அறைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை, ஆகவே பெண்ணுக்கு ஏற்றது என்றார்கள். நம் ஊர்த் தகப்பனார்களும் இதையேதான் சொல்லிப் பெண்களைச் சேர்க்கிறார்கள். அந்தக் காரணத்தை நான் மெச்சவில்லை, அதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. ஆனால் கோலாலம்பூரில் பொருத்தமான மூளை பிட்ஸ்பர்க்கில் எப்படிப் பொருந்தாமல் போகும்?

எந்தத் தேசத்துச் சர்வகலாசாலைத் தலைவராக இருந்தாலும் சரி, இன்னமும் "அவர்களுக்கு வராது" என்று நினைக்கிறவருக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். செலவில்லாத வேலை. உங்கள் துறையில் முதல் நாளிலேயே எல்லாம் தெரிந்தவர்களாக வந்து உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று பழைய பதிவேட்டிலிருந்து ஒரு பட்டியல் எடுங்கள். நாலாம் வருஷக் கடைசியில் முதல் பத்து இடங்களில் வந்தவர்களை இன்னொரு பட்டியலில் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்த்த பிறகு பிறவிச் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம், நானும் வருகிறேன்.