பத்தடி வண்டியில் ஐந்து நாள்

“அடுத்த வாரம் கேரவனில் போகிறேன்” என்று ஒலிக்கூடத்தில் சொன்னதும், “யாரு அக்கா ஹீரோ?” என்று கேட்டான் எங்கள் நிகழ்ச்சியில் உதவி செய்யும் தம்பி. நம் ஆட்களுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். நாங்கள் எடுத்தது அதன் ஏழைத் தம்பி. ஒரு மெத்தை, ஓர் எரிவாயு அடுப்பு, கைக்குட்டை துவைக்கும் அளவுக்கு ஒரு தொட்டி. பகலில் மேசை, இரவில் மடித்தால் அதுவே படுக்கை. நான் எழுந்து நின்றால் கணவர் உட்கார்ந்தாக வேண்டும்.

மெல்பர்னில் வண்டியை வாங்கிக்கொண்டு கிரேட் ஓஷன் ரோட்டில் ஐந்து நாள். கறிவேப்பிலை விமான நிலையத்தைத் தாண்டாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டோம். சாம்பார்ப் பொடி பாக்கெட்டை மட்டும் அட்டையில் குறித்துக் காட்டிக் கொண்டுபோனோம். அங்கும் நம்மைப் போல் சாலையின் இடப்பக்கம்தான். ஆனால் டார்க்கியிலிருந்து மேற்கே போகும்போது கடலும் இடப்பக்கம், அதாவது என் பக்கம். ஒவ்வொரு வளைவிலும் அலை மடியில் வந்து விழும்போல் இருந்தது. “மெதுவா, மெதுவா” என்று நான். “இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளணும்” என்று அவர். பின்னால் கார்கள் வரிசை கட்டும். ஒதுங்குமிடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுவோம்.

பயந்து பயந்து நாங்கள் கடந்த அந்த வளைவுகளை வெட்டியவர்கள் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள். சுமார் 3,000 பேர், 1919 முதல் 1932 வரை, பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டியிருக்கிறார்கள். திரும்பி வராத தோழர்களுக்கு அதுதான் நினைவுச் சின்னம். கல்லறை இல்லை, 240 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சாலை.

வானொலிக்காரர்களுக்கு மௌனம் ஆகாது. ஒலிபரப்பில் மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் எங்களுக்கு நெஞ்சு அடைக்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ளூர் வானொலி அடிக்கடி அறுந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். உடனே நான் ஆரம்பித்துவிடுவேன். கென்னட் ரிவரில் மரக்கவட்டில் தூங்கிய கோலாவுக்குக்கூட நேர்முக வர்ணனை கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்’ பாறைகளைப் பார்த்தோம். பெயரில்தான் பன்னிரண்டு. 2005இல் ஒன்று சரிந்து கடலில் விழுந்துவிட்டது. அன்றிரவு போர்ட் கேம்பலில் தங்கல். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. கேரவன்களுக்கென்று உள்ள இடத்தில் காசு கொடுத்து, மின்கம்பியைச் செருகிக்கொள்ள வேண்டும். நல்ல மழை. தலைக்கு இரண்டடி மேலே கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. என் நிகழ்ச்சியை யார் நடத்துகிறார்கள், கைப்பேசியில் கேட்போமா என்றேன்.

“நான் உன் நிகழ்ச்சியைக் கேட்கிறதில்ல. ரெண்டு வருஷமாச்சு.”

ஏன் என்று கேட்டேன். நூடல்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “முகம் தெரியாதவங்ககிட்ட, நல்லாத் தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்கிற. வீட்டுக்கு வர்றப்ப அந்தக் குரல் தீர்ந்துபோயிருக்கு. பஸ்ல அதைக் கேட்டுக்கிட்டுப் போனா எனக்குப் பொறாமையா இருக்கு.”

எங்கள் வீவக வீடாக இருந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். கோபம் தாங்காவிட்டால் கீழே காப்பிக் கடை இருக்கிறது. அங்கே வெளியே மழை, உள்ளே பத்தடி. அதனால் என் கணக்கையும் சொன்னேன். விடிகாலை நான்கு மணிக்கு நான் எழுவது, இரவு ஒன்பதுக்கு எனக்குக் கண் சொக்கும் நேரத்தில் அவர் பந்து விளையாட்டைப் போடுவது, நான் பேசும்போது அவர் கண் திரையிலேயே இருப்பது. அவர் மறுக்கவில்லை. நூடல்ஸ் குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

மறுநாள் ‘லண்டன் பிரிட்ஜ்’. கரையோடு ஒட்டி இரட்டை வளைவாக நின்ற பாறை அது. 1990 ஜனவரியில் கரைப்பக்க வளைவு திடீரென்று இடிந்து விழ, அப்பால் நின்ற இருவர் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டதாம். இதை எனக்குச் சொன்னவர் கணவர். ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்புபோல் சொன்னார். நான் நடுவில் குறுக்கிடவில்லை. எட்டு வருடத்தில் அதுவே சாதனை.

“அங்க நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பேசியிருப்பாங்க?” என்றார்.

“நீ ஏன் இங்க கூட்டிட்டு வந்தேன்னுதான்” என்றேன்.

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. அவர் இன்னமும் என் நிகழ்ச்சியைக் கேட்பதில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. அவருடைய மதிய இடைவேளையில் அழைத்து, “சாப்பிட்டீங்களா?” என்கிறேன். முதல் நாள், “நேயர் விருப்பமா?” என்று கிண்டல் செய்தார். இரண்டாம் நாள், மீன் சூப் என்றார்.