ஊர்தேடி வரும் கலைக்கூடம்

கலை பயில விழைவோர் கலைப்பள்ளி இருக்குமிடம் நாடிச் செல்வதே நெடுங்கால வழக்கம். சென்னையில் 1850ஆம் ஆண்டு ஓவியப் பள்ளி தோன்றிற்று. மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு சிற்பப் பயிற்சி நிலையம் எழுந்தது. ஆயினும், தொலைவிலுள்ள சிற்றூரில் வாழும் உழவர்வீட்டுச் சிறுமி அவற்றின் வாயிலை எங்ஙனம் மிதிப்பாள்? அவளைத் தேடிக் கலைக்கூடமே ஊர்தியேறி வருதல் வேண்டும்.

இது கைகூடுமோ என ஐயுறுவார்க்கு மன்னார்குடி விடை பகரும். 1931ஆம் ஆண்டிலேயே அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் சென்றது. நூல்களை இரவலாகக் கொடுத்தமையால், அவற்றைத் திரும்பப் பெறும்பொருட்டு அவ்வண்டி மீண்டும் வரவேண்டியதாயிற்று. அங்ஙனம் மீண்டு வருதலே அம்முயற்சியின் உயிர்.

கலைவண்டியும் அவ்வாறே இயங்குதல் வேண்டும். ஒருநாள் வந்து வேடிக்கை காட்டி மறைவது திருவிழாவாகுமேயன்றிக் கல்வியாகாது. வண்ணமும் தூரிகையும் மாணவர் கையில் விட்டுச் செல்க. களிமண் ஊர்க்குளத்திலேயே கிடைக்கும். அடுத்த திங்கள் வந்து, அவர்தம் படைப்புகளைக் கண்டு திருத்துக.

பசித்த ஊருக்குக் கலை எதற்கு என்பர் சிலர். நாள்தோறும் வாயிலில் கோலமிடும் மகளிரையும், ஐயனாருக்குச் சுடுமண் குதிரை சமைக்கும் வேளாரையும் அவர் மறந்தனர் போலும்! கலை சிற்றூருக்குப் புதிதன்று. ஆதலின், வண்டியில் வரும் ஆசிரியர் அவ்வேளாரையும் அருகமர்த்திக் கற்பித்தல் நன்று.

மாணவர்களே! உங்கள் ஊருக்கு அத்தகைய வண்டி வருமாயின், “மீண்டும் எப்பொழுது வருவீர்கள்?” என்று முதற்கண் வினவுங்கள்.