ராட்சதப் பச்சோந்தி வளர்ப்பு லாபம் தருமா?

''மடகாஸ்கர் நாட்டு ராட்சதப் பச்சோந்தியை ஜோடியாக வாங்கி வளர்த்தால், குஞ்சுகளை நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்கிறார். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினால் போதுமாம். இதற்கு எவ்வளவு செலவாகும்? லாபம் கிடைக்குமா?''

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

வியாபாரி குறிப்பிடுவது பெரும்பாலும் 'பார்சன்ஸ்' பச்சோந்தியாக இருக்கும். மடகாஸ்கர் தீவின் கிழக்கு, வடக்குப் பகுதி மழைக்காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம் இது. ஆண் பச்சோந்தி, மூக்கு நுனி முதல் வால் நுனி வரை இரண்டு அடி வரை வளரும். எடை அரை கிலோவைத் தாண்டும். அமெரிக்கா, ஐரோப்பாவில் பண்ணையில் பிறந்த குஞ்சுக்கே ஆயிரம் டாலர் அளவில் விலை சொல்கிறார்கள். இந்த விலையைக் காட்டித்தான் ஆசையைத் தூண்டுகிறார்கள். விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று பார்த்தால், லாபக் கணக்கு தானாகப் புரிந்துவிடும்.

முதலில் இனப்பெருக்கக் கணக்கு. நாட்டுக்கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். பார்சன்ஸ் பச்சோந்தியின் முட்டை பொரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வருடம் வரைகூட இழுக்கும். அத்தனை நாளும் ஈரப்பதம் குறையக் கூடாது. நடுவில் சில மாதங்கள் குளிர்ச்சியும், பிறகு மிதமான வெப்பமும் மாறி மாறிக் கிடைக்க வேண்டும். பொரிந்த குஞ்சு, பருவத்துக்கு வர மூன்று முதல் ஐந்து வருடம். ஆக, முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை கிட்டத்தட்ட ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். கிடேரிக் கன்று வாங்கினால் மூன்று வருடத்தில் பால் கறந்துவிடலாம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, பராமரிப்பு. ஒரு பச்சோந்திக்கு ஆறடி உயரம், மூன்றடி அகலத்தில் வலைக்கூண்டு தேவை. உள்ளே ஏறித் திரிய கிளைகளும், உயிருள்ள செடிகளும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டை போட்டுக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும்கூட இணை சேர்க்கும் நேரம் தவிர, தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். எனவே, ஜோடி என்றால் இரண்டு கூண்டு.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் குடிக்காது. இலையில் சொட்டும் நீரைத்தான் நக்கிக் குடிக்கும். தினமும் பலமுறை பனிபோல் நீர் தெளிக்கும் கருவி அவசியம். வெயில் கிடைக்காத அறையில் வைத்தால், புற ஊதாக் கதிர் தரும் சிறப்பு விளக்கு வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், கதிரின் வீரியம் குறைந்துவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். இந்தக் கதிரும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால், எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும்.

தீவனம், உயிருள்ள பூச்சிகள். பாச்சை, வெட்டுக்கிளி, கரப்பான் போன்றவற்றைத் தனியாக வளர்த்து, சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். வயலில் பிடித்த பூச்சியைப் போட முடியாது. மருந்து அடித்த வயல் பூச்சியைத் தின்றால், விஷம் பச்சோந்தியின் உடலில் ஏறிவிடும். ஆக, பச்சோந்திப் பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒரு பூச்சிப் பண்ணையும் நடத்த வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, குளிர்ச்சி. மலைக்காட்டில் பழகிய இந்த உயிரினத்துக்குப் பகலில் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும், இரவில் அதைவிட நன்றாகக் குறைந்த வெப்பமும் தேவை. 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் நலிந்துவிடும். ஈரோட்டில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஒன்றரை டன் ஏ.சி மணிக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், தினமும் 12 மணி நேரத்துக்கு 18 யூனிட். மாதத்துக்கு 540 யூனிட். இலவச விவசாய மின் இணைப்பை இதற்குப் பயன்படுத்தவும் முடியாது. பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிரினம் என்பதால், இந்தச் செலவும் அத்தனை வருடம் தொடரும். நோய் வந்தால் ஊர்வன வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடிப் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி, சட்டம். அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தப் பட்டியலில் இந்தப் பச்சோந்தி இருக்கிறது. மடகாஸ்கர் காடுகளில் பிடித்து விற்பது கட்டுக்கடங்காமல் போனதால், 1995-ம் ஆண்டில் அந்நாட்டின் பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. பார்சன்ஸ் இனமும் அதில் அடக்கம். இந்தியாவில் சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். இறக்குமதிக்கு முறையான அனுமதியும் உரிமமும் தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளின் பைகளில் ஊர்வன பிடிபடும் செய்திகள், சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி வருகின்றன. அப்படி வந்த விலங்கு உங்கள் வீட்டில் இருந்தால், வழக்கு உங்கள் மேல்தான் பாயும். வியாபாரியிடம் இறக்குமதி அனுமதியையும் பதிவுச் சான்றையும் கேளுங்கள். மழுப்பினால், அதுவே பதில்.

'குஞ்சுகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற பேச்சை கொங்கு மண்டலம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. 2012-ல் ஈமு நிறுவனங்கள் கைவிரித்தபோது, முதலீடு செய்த குடும்பங்கள் பணத்தை இழந்து நின்றன. தீவனம் இல்லாமல் பறவைகள் தவித்தன. வெளிச்சந்தையில் வாங்க ஆளில்லாத பொருளை, விற்றவரே வாங்குவார் என்று நம்பி இறங்குவது தொழில் ஆகாது. அந்தத் தொகைக்கு நாலு வெள்ளாடோ, ஒரு கறவை மாடோ வாங்கினால், விற்க உள்ளூர்ச் சந்தை இருக்கிறது. பார்க்க ஊர் கால்நடை மருத்துவர் இருக்கிறார்.

''எங்கள் வேலியில் அடிக்கடி பச்சோந்தி தென்படுகிறது. விஷம் உள்ளது என்று அடித்துவிடுகிறார்கள். உண்மையா?''

- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது. பலர் ஓணானையும் பச்சோந்தி என்றே சொல்கிறார்கள். ஓணான் விருட்டென்று ஓடும். பச்சோந்தி ஆடி ஆடி மெதுவாக நகரும். வால் சுருண்டிருக்கும். இரண்டு கண்களும் வெவ்வேறு திசையில் சுழலும். விரல்கள் இடுக்கிபோல் கிளையைப் பற்றும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் இனம் இது. நிறம் மாறுவது பெரும்பாலும் பயம், கோபம், வெப்பநிலை ஆகியவற்றால்தான்.

நீண்ட நாக்கால் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் இது, தோட்டத்துக்குச் செலவில்லாத காவலாளி. பெண் பச்சோந்தி மரத்திலிருந்து இறங்கி, மண்ணில் குழி பறித்து முட்டையிடும். ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவது அப்போதுதான் அதிகம். கண்டால் ஒரு குச்சியை நீட்டுங்கள், பற்றிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்து வேலியில் விட்டுவிடுங்கள். அடிப்பதும், பிடித்து வீட்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். உயிர்வேலியை வெட்டாமல், மருந்து அடிப்பதைக் குறைத்தாலே போதும். ஏ.சி இல்லாமல், கூண்டு இல்லாமல் அது உங்கள் தோட்டத்திலேயே வாழும்.