கேட்காமல் வரும் கடிதங்கள்

1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குவிப்மென்ட் என்னும் கணனி நிறுவனத்தில் விற்பனைப் பகுதியைச் சேர்ந்த கெரி துர்க் என்பவர், தமது புதிய கணனிகளைப் பார்க்க வருமாறு அழைத்து, அக்காலத்து ஆர்பாநெட் வலையமைப்பின் மூலம் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட விபரக்கொத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எவரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. கண்டனங்கள் குவிந்தன. ஆனால் அக்கடிதத்தால் கணனிகளும் விற்பனையாயின என்று அவர் பின்னாளில் கூறிவந்தார். எரிச்சலும் இலாபமும் அன்று முதல் கூடவே நடக்கின்றன.

தபாலில் துண்டுப்பிரசுரம் அனுப்பினால் கடதாசி, அச்சு, முத்திரை என அனுப்புபவருக்கே செலவு. மின்னஞ்சலில் ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வேறுபாடில்லை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் போதும் என்ற கணக்கு இங்கேதான் பிறக்கிறது. மிகுதி 999 பேரின் நேரம் எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. கைத்தொலைபேசிக்குக் காசு போட்டு, அது தீருமுன் கடிதம் பார்க்கும் கிராமத்துப் பிள்ளைக்குப் படங்கள் நிறைந்த விளம்பரமும் ஒரு செலவுதான். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்தக் குவியலுக்குள் மறைந்துபோனால் அந்த நட்டத்தை எந்தக் கம்பனி ஈடுசெய்யும்?

இன்னொன்றும் உண்டு. பல விளம்பரக் கடிதங்களில் கண்ணுக்குப் புலப்படாத சிறு படமொன்று வைக்கப்படுகிறது. கடிதத்தைத் திறந்ததும் அப்படம் நிறுவனத்தின் கணனியிலிருந்து இறங்குகிறது. நாம் திறந்தோம், எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பது அங்கே பதிவாகிவிடுகிறது. கடிதம் கொண்டுவந்த தபாற்காரர் யன்னலருகே நின்று பார்த்தால் நாம் சும்மா விடுவோமா?

சட்டங்கள் இரு வழியாகப் போகின்றன. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி அனுப்பலாம், வேண்டாம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், முன்கூட்டியே சம்மதம் பெறுக என்றது. ஏற்கெனவே பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும் சிறு விலக்குண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே கேட்கிறது. நாமும் அந்தப் பக்கமே நிற்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் வேலையை எம் தலையில் கட்டுவது நியாயமல்ல. படிவத்தில் கம்பனியே முன்கூட்டிச் 'சரி' அடையாளம் போட்டுவைப்பதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இதை நகரத்துக் கம்பனிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. பனங்கட்டியும் தேனும் பாயும் விற்கும் எமது மாதர் சங்கங்களும் இன்று மின்னஞ்சலில் ஓடர் எடுக்கின்றன. வாங்குபவரின் முகவரி கிடைத்தவுடன் எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும் ஆசை அங்கும் வரும். விற்பனைக் கொப்பியில் 'கடிதம் அனுப்பலாமா?' என்று மேலும் ஒரு நிரல் கீறுங்கள். ஆம் என்றவருக்கு, புதுச்சரக்கு வந்தால் மட்டும் எழுதுங்கள். போதும் என்றவரின் பெயரை அன்றைக்கே வெட்டிவிடுங்கள்.