பந்தை அறிந்தவரைப் பந்தயம் வீழ்த்திய கதை

 

பேகம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அஸர் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகள் பந்தோடு திடலுக்கு ஓடுவதைக் காண்கிறோம். அதில் நாம் குறை காணவில்லை. உடலை வலுப்படுத்தும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. அம்பெய்வதையும் குதிரையேற்றத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வரும் பிள்ளை நமக்கு மகிழ்ச்சியையே தருகிறான்.

நமது கவலை, இஷாவுக்குப் பிறகு அதே பிள்ளையின் கைப்பேசியில் நடக்கும் மற்றோர் ஆட்டத்தைப் பற்றியது. எந்த அணி வெல்லும், யார் கோல் அடிப்பார் என்று பணம் கட்டும் ஆட்டம் அது. "இது சூது இல்லை அத்தா, ஆட்டத்தைப் பற்றிய அறிவு இருந்தால் ஜெயிக்கலாம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கேட்கும் பெற்றோர் பலருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. அந்தப் பதிலை ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கை மிகத் தெளிவாகச் சொல்கிறது.

மைக்கேல் சோப்ரா யார்?

பழநி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டை அடைந்தால் கேரளம். அந்த அண்மையினால் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமானது. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014ஆம் ஆண்டில் அந்த அணிக்கு ஆட இங்கிலாந்திலிருந்து வந்த முன்கள வீரர்தான் மைக்கேல் சோப்ரா.

அவர் 1983 டிசம்பரில் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை இந்திய வம்சாவளியினர், தாய் ஆங்கிலேயர். சொந்த ஊர்க் கழகமான நியூகாசில் யுனைடெட்டின் இளையோர் அணியில் வளர்ந்து, பத்தொன்பது வயது நிறைவதற்குள் முதல் அணியில் இடம்பெற்றார். 2003 ஏப்ரலில் வாட்ஃபோர்டு கழகத்துக்காக ஆடியபோது, பர்ன்லி அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்தார். 2006 ஏப்ரலில் நியூகாசிலின் பரம வைரியான சண்டர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராகக் களமிறங்கிச் சில விநாடிகளிலேயே கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் கோல் அடித்த முதல் இந்திய வம்சாவளி வீரர் என்று அவர் பேசப்படுவதற்குக் காரணம் அந்தக் கோல்தான்.

அதே ஆண்டில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது கார்டிஃப் சிட்டி. ஒரே பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த அவரை, 2007இல் சண்டர்லாந்து சுமார் 50 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஓராண்டில் பத்து மடங்கு விலை! புதிய கழகத்துக்கான முதல் ஆட்டத்திலேயே டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக இறுதி நேரத்தில் வெற்றிக் கோலையும் அடித்தார். பின்னர் மீண்டும் கார்டிஃப் திரும்பி, 2010இல் பிரீமியர் லீக்குக்கு உயர்வதற்கான இறுதி ஆட்டத்தில் வெம்பிளித் திடலில் முதல் கோலை அடித்தவரும் அவரே. எனினும் அன்று வென்றது பிளாக்பூல்.

நம் பிள்ளைகள் கனவு காணும் வாழ்வு இது. ஆனால் இந்தப் புகழுக்கு அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

பேருந்தில் தொடங்கிய சீட்டாட்டம்

நியூகாசிலில் இளம் வீரராக இருந்த நாளில், அணியின் பேருந்துப் பயணங்களில் சக வீரர்களோடு பணம் வைத்துச் சீட்டாடியதில்தான் தன் பழக்கம் தொடங்கியது என்று சோப்ரா பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். பதின்ம வயதில் கையில் பெரும் சம்பளம். மூத்த வீரர்களோடு ஒன்றிப்போக வேண்டும் என்ற ஆசை. நீண்ட பயணத்தின் சலிப்பு. எவரும் அவரைச் சூதாட்ட விடுதிக்கு இழுத்துச் செல்லவில்லை.

பின்னர் அது வளர்ந்தது. 2011இல் இப்ஸ்விச் டவுன் கழகத்தில் சேர்ந்த சில மாதங்களில், சூதாட்ட அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை பெற விளையாட்டு வீரர்களுக்கான ஒரு மையத்தில் சேர்ந்தார். கடனை அடைக்கக் கழகமே அவருக்குப் பணம் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. தாம் இழந்தது 15 லட்சம் முதல் 20 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்பது அவரே கூறிய கணக்கு. கடன் கொடுத்தவர்கள் பயிற்சித் திடலுக்கே தேடி வந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார்.

2013இல் அடுத்த அடி விழுந்தது. குதிரைகள் தோற்கும் என்று பந்தயம் கட்டிய ஒரு முறைகேட்டில் அவருக்கும் பங்கு உண்டு எனக் கண்ட பிரிட்டன் குதிரைப் பந்தய ஆணையம், அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. மறு ஆண்டு கேரளாவுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது. முன்கள வீரர் ஒருவர் முதிர்ச்சியோடு ஆடக்கூடிய வயது அது. ஆனால் காயங்களோடும் தளர்ந்த உடலோடும் வந்தவரால் பழைய ஆட்டத்தை மீட்க முடியவில்லை. 2016இல் மறுபடியும் வந்து ஆடினார். இந்திய அணிக்கு ஆட விரும்பினார். பிரிட்டன் குடியுரிமையைத் துறந்தாலன்றி அதற்கு வழியில்லை என்பதால் அந்த விருப்பமும் நிறைவேறவில்லை.

ஒரு மனிதரின் வீழ்ச்சியைச் சொல்லி மகிழ்வது நம் நோக்கமன்று. தம் நிலையை மறைக்காமல் உலகறியச் சொன்னதற்காக அவரை மதிக்கிறோம். அவர் சொன்னதால்தான் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துக்காட்ட முடிகிறது.

அறிவு காப்பாற்றுமா?

"ஆட்டத்தைப் பற்றிய அறிவு இருந்தால் ஜெயிக்கலாம்" என்ற வாதத்துக்கு இப்போது வருவோம். விளையாட்டு உலகை அதன் உள்ளிருந்தே அறிந்தவர் சோப்ரா. தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றவர் அல்லர். பெருங்கழகங்களின் உடைமாற்றும் அறையில் அமர்ந்தவர். நம் பிள்ளைகளிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு அறிவும் பணமும் அவரிடம் இருந்தன. அவருக்கே அவை காவலாகவில்லை.

அவர் தனி ஒருவரும் அல்லர். இங்கிலாந்து தேசிய அணியின் முன்கள வீரர் ஐவன் டோனி, பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை பெற்றார். அவரும் சூதாட்ட அடிமைத்தனத்துக்கு உள்ளானவர் என்று விசாரணையில் தெரியவந்தது. அவர் ஆடிய பிரென்ட்ஃபோர்டு கழகத்தின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே இருந்தது ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்! பந்தயம் கட்டாதே என்று வீரருக்குச் சட்டம். பந்தயம் கட்டு என்று அவர் நெஞ்சில் விளம்பரம். 2025-26 பருவத்தின் முடிவோடு சட்டையின் முன்புறத்திலிருந்து இத்தகைய பெயர்களை அகற்றுவதாகப் பிரீமியர் லீக் கழகங்கள் 2023இல் ஒப்புக்கொண்டதே, கேடு எவ்வளவு முற்றியது என்பதற்குச் சான்று.

மார்க்கத்தின் பார்வையும் இங்கே தெளிவானது. சூதில் திறமை கலந்திருக்கிறதா, அதிர்ஷ்டம் மட்டுமா என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி. ஆனால் ஆட்டக்காரர்கள் தத்தம் பணத்தைப் பணயமாக வைக்கிறார்களா, ஒருவரின் இழப்பே மற்றவரின் ஆதாயமாகிறதா என்றே நம் மார்க்க அறிஞர்கள் முதன்மையாகக் கேட்கிறார்கள். அப்படியாயின் அது மைஸிர். அல்மாயிதா அத்தியாயத்தில் மதுவோடு சேர்த்து அதை விலக்கிய அல்லாஹ், அது பகையை விளைவிப்பதையும் இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்வதையும் காரணமாகக் காட்டுகிறான்.

அறியாமைக் கால அரபுகள் அம்புகளைக் குலுக்கி ஒட்டக இறைச்சியைப் பந்தயமாக ஆடினார்கள். வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருமையாகவும் கருதினார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சூதில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அல்பகரா அத்தியாயமும் மறுக்கவில்லை. பயனைவிடக் கேடு பெரிது என்கிறது. இன்றைய நிறுவனங்களும் விளையாட்டுக்கு நிதி தருகிறோம், வேலை தருகிறோம் என்கின்றன. அந்தப் பழைய வாதத்துக்குக் கிடைத்த பதிலே இதற்கும் பதில்.

சட்டம் மட்டும் போதுமா?

தமிழ்நாட்டில் இணையவழி ரம்மியால் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் தொடர்ந்து வந்ததால், 2022இல் சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றின் மீதான தடையை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுத்தது. கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் செயலிகளும் அதில் அடங்கின. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனாலும் சட்டத்தை நம்பி உறங்கிவிட முடியாது. தமிழகத்தில் லாட்டரி 2003இலேயே தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் மூன்று எண் லாட்டரி விற்றவர்கள் கைது என்ற செய்தியை இன்றுவரை நாளிதழில் படிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளும் இரகசியக் குழுக்களும் கைப்பேசிக்குள் நுழைய எந்த எல்லையையும் கடக்க வேண்டியதில்லை. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களாகிய நமக்குத் தெரியும்: எவ்வளவு நல்ல பூட்டானாலும், உள்ளே இருப்பவர் திறந்துவிட்டால் அதனால் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பெற்றோர் கேட்கப் பழக வேண்டும். தொழுதாயா, சாப்பிட்டாயா என்று கேட்கும் நாம், கைப்பேசியிலிருந்து பணம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. தோல் மண்டியிலோ கடையிலோ நாள் முழுதும் நின்று அத்தா ஈட்டிய ஹலாலான பணம், நள்ளிரவில் பத்து பத்து ரூபாயாகக் கரைந்தால் வீட்டின் பரக்கத் எப்படி நிலைக்கும்? செல்வத்தை எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற இரு கேள்விகளும் மறுமையில் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சொல்லிவைப்போம்.

இரண்டாவதாக, சிறியதைச் சிறியதென்று விடக்கூடாது. வா, சூதாடுவோம் என்று தோழனை அழைத்தவர்கூட அதற்கு ஈடாகத் தர்மம் செய்யட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அழைப்புக்கே பரிகாரம்! பேருந்தில் ஆடிய சீட்டாட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்த பிறகு, அந்தக் கட்டளையின் ஞானம் நமக்கு நன்றாகவே விளங்குகிறது.

மூன்றாவதாக, விழுந்தவனை விரட்டக்கூடாது. குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சிப் பிள்ளை மறைக்கிறான். மறைக்க மறைக்கக் கடன் வளர்கிறது. கடனை அடைக்க மீண்டும் ஆடுகிறான். இந்தச் சுழலிலிருந்து அவனை வெளியே கொண்டுவர முதலில் வேண்டியது, வீட்டில் உண்மையைச் சொல்லும் துணிவு. அந்தத் துணிவை அவனுக்குத் தருவது தாய்தந்தையரின் முகம்தான். கடனில் மூழ்கியோர் ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினருள் ஒருவர். உண்மையாகவே தவ்பா செய்து மீள முனைபவனுக்கு எவ்வாறு உதவலாம் என்று ஜமாஅத்தும் பைத்துல்மாலும் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். அடிமைத்தனம் ஒரு நோயாகவே முற்றிவிட்டால் மருத்துவ உதவி தேடுவதில் வெட்கமில்லை. 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது.

நான்காவதாக, நல்ல முன்மாதிரிகளையும் காட்டுவோம். மாலி நாட்டு முன்கள வீரர் ஃபிரெடெரிக் கனூட்டே, ஸ்பெயினின் செவில்லா கழகத்தில் ஆடியபோது, பந்தய நிறுவனத்தின் பெயர் தாங்கிய சட்டையை அணிய மறுத்தார். அவருக்குப் பெயரில்லாத சட்டை கொடுக்கப்பட்டது. செவில்லாவில் முஸ்லிம்கள் தொழுதுவந்த இடம் விற்பனைக்கு வந்தபோது, 2007இல் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கிக் காப்பாற்றியவரும் அவரே. கால்பந்தில் ஈட்டிய செல்வம் ஒருவரிடம் கடனாகக் கரைந்தது. மற்றவரிடம் இறைவனைத் தொழும் இடமாக நிலைத்தது. இரண்டையும் நம் பிள்ளைகளின் முன்வைப்போம்.

பந்தைத் தடுக்க வேண்டாம், பந்தயத்தைத் தடுப்போம். நம் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமையையும், கைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கையும், விழுந்தால் மீண்டெழும் மனத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.