மஞ்சள் கைகொடுக்கும் இடமும் கைவிரிக்கும் இடமும்

பங்குனி பிறந்தால் கொடுமுடி காவிரிக் கரையில் தீர்த்தக் குடங்களுக்குக் குறைவே இருக்காது. பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் ஒரு பக்கம், ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தம் எடுக்க வருபவர்கள் இன்னொரு பக்கம். கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்திருக்கும். தை முதல் பங்குனி வரை இந்தப் பக்கத் தோட்டங்களில் மஞ்சள் வெட்டு, வேக வைப்பு, காயப்போடுவது என்று வேலை மும்முரமாக நடக்கும். பவானியில் புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் கொடுமுடிக்குப் பக்கத்தில் வந்துதான் முடிகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளுக்கு அந்த வாய்க்கால் பாசனமும் ஒரு காரணம்.

இப்படி விளைகிற இடத்திலேயே இருப்பதால், உடம்புக்கு எது வந்தாலும் நம் கை முதலில் மஞ்சள் டப்பாவுக்குத்தான் போகிறது. அது தப்பில்லை. எதற்குப் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

சளி, இருமல்

மஞ்சளில் மருந்துக் குணம் உள்ள முக்கியமான பொருள் குர்குமின். நூறு கிராம் மஞ்சளில் அது ஏறக்குறைய மூன்று கிராம்தான் இருக்கும். அதுவும் தண்ணீரில் கரையாது, குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. வெந்நீரில் மஞ்சளைக் கலக்கிக் குடித்தால் பெரும்பகுதி வீணாகத்தான் போகும்.

அப்பத்தாக்கள் பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்டதற்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது. குர்குமின் கொழுப்பில் கரையும், பாலில் கொழுப்பு உண்டு. மிளகில் உள்ள பைப்பரின், குர்குமினை உடம்பு சீக்கிரம் வெளியேற்றிவிடாமல் தடுக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது.

ஒரு டம்ளர் பாலுக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், நாலைந்து மிளகு தட்டியது. பாலில் போட்டு ஒரு கொதி விட்டு, இரவில் இளஞ்சூட்டில் குடிக்கலாம். தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத் திணறல், இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள். இரண்டு வார இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் தேவை. விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை முகர்வதை ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும்.

காயத்துக்கு மஞ்சள்

காயம் ஆற மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமையே வாங்கிவிட்டது. இது எங்கள் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம் என்று நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்றுதான் சொன்னது. எல்லாக் காயத்துக்கும் மஞ்சள் போதும் என்று சொல்லவில்லை.

காய்கறி நறுக்கும்போது விரலில் பட்ட சின்னக் கீறலுக்கு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சுத்தமான மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். கீழே உள்ள நான்குக்கும் மஞ்சள் வேண்டவே வேண்டாம்.

மண்வெட்டி, அரிவாள் வெட்டு: மண் பட்ட ஆழமான காயத்தில் டெட்டனஸ் வரலாம். அதை மஞ்சள் தடுக்காது. தடுப்பூசி போட வேண்டும்.

நாய்க்கடி: மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

தீக்காயம், கொதிநீர் பட்டது: 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மஞ்சளை அப்பிவிட்டால் காயத்தின் ஆழம் டாக்டருக்குத் தெரியாது. அதைக் கழுவி எடுக்கும் வேதனை தனி.

பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடி: எதுவும் வைக்காமல் உலர்வாக விடுவதே நல்லது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் கைவைத்தியம் ஆகாது. வலி தெரியாமலே அது உள்ளே பரவிவிடும்.

மாத்திரை வேறு, மஞ்சள் வேறு

இப்போது மூட்டுவலிக்கு என்று குர்குமின் மாத்திரை விற்கிறார்கள். கால் டீஸ்பூன் மஞ்சள்தூளில் சுமார் 20 மில்லிகிராம் குர்குமின் இருந்தால் அதிகம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஏறக்குறைய 25 டம்ளர் மஞ்சள் பாலுக்குச் சமம். பல மாத்திரைகளில் பைப்பரினும் சேர்க்கிறார்கள். இயற்கைதானே என்று இதை விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தாலியிலும் 2019-ல் இப்படி நடந்தது. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம். குழம்பிலும் பொரியலிலும் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

நல்ல மஞ்சள் எது?

பளபளப்பையும் பளீர் நிறத்தையும் பார்த்து மயங்காதீர்கள். நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் பூசுவது உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பங்களாதேஷில் 2019-ல் இந்தக் கலப்படம் வெளிச்சத்துக்கு வந்து, அரசாங்கம் கடுமையாக இறங்கியதும் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய ஒழிந்துபோனது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் லேசான மஞ்சள் நிறத்தோடு அடியில் படியும். தண்ணீர் அடர் மஞ்சளானால் சந்தேகம்தான். முழு மஞ்சளை வெதுவெதுப்பான நீரில் போட்டதும் சாயம் இறங்கினால் அதை வாங்காதீர்கள்.

இதற்கெல்லாம் சுலபமான வழி, மாசி, பங்குனியில் தெரிந்த விவசாயியிடம் வருடத்துக்குத் தேவையான விரலி மஞ்சளை பாலிஷ் போடாமல் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது. முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சளைத் தனி டப்பாவில் வையுங்கள். அது சமையலுக்கு ஆகாது.