தந்தையின் கையொப்பம்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பத்தார்க்கு ஒரே கதையை இரு மொழிகளிலும் காணும் வாய்ப்பு உண்டு. அருண்ராஜா காமராஜ் இயக்கிய 'கனா' 2018-இல் தமிழில் வெளிவந்தது. மறு ஆண்டே 'கௌசல்யா கிருஷ்ணமூர்த்தி' எனத் தெலுங்கிலும் வந்தது. இரண்டிலும் நாயகி ஐஸ்வர்யா ராஜேஷ் அவர்களே.

இந்திய அணி கிரிக்கெட்டில் தோற்றதும் குளித்தலை உழவர் ஒருவர் கண்ணீர் விடுகின்றார். அதனைக் கண்ட மகள், தானே ஆடி வென்று தந்தையை மகிழ்விக்க உறுதி பூணுகின்றாள். ஊரார் பழிக்கின்றனர், தாயும் முதலில் தடுக்கின்றாள். கடனால் வீடும் பறிபோகின்றது. தந்தையின் நம்பிக்கை மட்டும் தளரவில்லை.

சென்ற திங்கள் இப்படத்தை மகளுடன் வீட்டில் கண்டேன். பள்ளி அணியில் சேர அவள் முன்னரே கேட்டிருந்தாள். புகைவண்டி நிலைய எழுத்தனாகிய நானோ, மதிப்பெண்ணே பெரிதென மறுத்திருந்தேன். படம் முடிந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனமே என்னைச் சுட்டது. மறுநாட் காலை, அனுமதித் தாளைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டேன்.

அவள் வெல்வாளோ, அறியேன். திருமலைக்கு நடந்து ஏறுவோர்க்கும் முதற்படியிலேயே சன்னிதி தெரிவதில்லை. பிழைக்க வந்த ஊரில் நிலபுலன் இல்லாத நாம், பிள்ளைகளுக்கு நம்பிக்கையையேனும் குறைவின்றி அளிப்போமாக!